முப்பத்தொன்றாம் நம்பர் கார்டு

என் மனைவிக்குக் கால்பந்து பிடிக்காது. டிவியில் ஆட்டம் ஓடும்போது, "ரெண்டு பக்கமும் கோல் ஒரே மாதிரிதான இருக்கு, எது யாரோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?" என்று கேட்பவள். நானும் கல்யாணமான புதிதில் பொறுமையாக விளக்கினேன். பாதி ஆட்டம் முடிந்ததும் அணிகள் பக்கம் மாறும் என்று சொன்னபோது, "அப்ப மொதல்ல அடிச்சதெல்லாம் வீணா?" என்று கேட்டாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்படிப்பட்டவளிடம்தான், பழைய கால்பந்து கார்டு சேர்க்கும் முன்னூறு பேர், ஏலத்தில் விலை கேட்பதற்கு முன் யோசனை கேட்கிறார்கள். போனில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. அதில் அவள் பெயர் லென்ஸ் அக்கா. அவளை அக்கா என்பவர்கள் முறைப்படி என்னை மாமா என்று கூப்பிட வேண்டும். சார் என்கிறார்கள். அந்தக் குழுவில் அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான் என்பது இப்போது யாருக்கும் நினைவில்லை.

அவளுக்கு வேலை ஒரு அச்சகத்தில். மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டை டப்பா அடிக்கிற இடம். மெஷினிலிருந்து வரும் தாள்களில் ஐந்நூறுக்கு ஒன்று அவள் மேஜைக்கு வரும். அவள் அதன்மேல் ஒரு சின்ன லென்ஸைக் கவிழ்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள். எழுத்து உடைந்திருக்கிறதா, ஒரு நிறம் இன்னொரு நிறத்தை விட்டுத் தள்ளியிருக்கிறதா, மாத்திரையின் அளவு சரியாக இருக்கிறதா. அவள் தலையசைத்தால் மெஷின் ஓடும். கை தூக்கினால் நிற்கும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதற்குச் சம்பளம் வாங்குகிறவளை நான் இவளைத் தவிரக் கண்டதில்லை. வீட்டிலும் அதே புத்தி. கடையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் விலையைப் பார்க்கமாட்டாள். "நீலம் தள்ளியிருக்கு" என்று திரும்ப வைத்துவிடுவாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டிடத்தில் கம்பி எங்கே தேய்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். ஆனால் மனிதர்கள் விஷயத்தில் எனக்கு வெளுத்ததெல்லாம் பால்.

சின்ன வயதில் ஒரு பபிள்கம் கம்பெனி, பாக்கெட்டுக்கு ஒன்றாகக் கால்பந்து வீரர்களின் கார்டு போட்டது. மொத்தம் நாற்பத்தெட்டு. பல் சொத்தையாகும்வரை மென்றும் எனக்குக் கிடைத்தது பதினேழுதான். பிறகு கம்பெனியே மூடிவிட்டது. பதினேழையும் ஒரு தகர டப்பாவில் போட்டு, வீடு மாறும்போதெல்லாம் கூடவே கொண்டுவந்தேன். ஆன்லைன் ஏலம் வந்தபிறகுதான், அந்தக் கார்டுகளை உலகத்தில் இன்னும் ஆட்கள் விற்கிறார்கள், வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. விடுவேனா?

முதல் ஏலத்தில் நான் செய்யாத தப்பே இல்லை. விற்கிறவன், "தாத்தாவின் பழைய பெட்டியில் கிடைத்தது, எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருந்தான். பாவம், அப்பாவி என்று நினைத்தேன். படம் மங்கலாக இருந்தது. நல்ல கேமரா இல்லை போலும் என்று அதற்கும் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டே மணி நேரத்தில் ஏலம் முடிகிறது, திருப்பி எடுப்பதில்லை என்று போட்டிருந்தது. அவசரப்பட்டு அடித்துப் பிடித்து வாங்கினேன். அதே படத்தை அதே ஆள் வேறு வேறு பெயரில் நான்கு தடவை விற்றிருக்கிறான் என்பதைப் பின்னால் என் மகள்தான் ஒரு நிமிடத்தில் தேடிக் காட்டினாள்.

கார்டு வந்த அன்று மாலை, மனைவி கைப்பையைக்கூட இறக்காமல் அதை வாங்கிப் பார்த்தாள். பையிலிருந்த லென்ஸை எடுத்து வீரர் பெயரின்மேல் வைத்தாள்.

"இது போன மாசம் அடிச்சதுங்க."

"அம்பது வருஷத்துக் கார்டு அது. ஓரமெல்லாம் எப்படிப் பழுத்திருக்கு பாரு."

"டீத்தண்ணியில முக்கினா நானுந்தான் பழுப்பேன். எழுத்தைப் பாருங்க."

பார்த்தேன். கறுப்பு எழுத்து என்று நான் நினைத்தது லென்ஸுக்கு அடியில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகப் புள்ளிப் புள்ளியாகச் சிதறிக் கிடந்தது. பிறகு என் தகர டப்பாக் கார்டு ஒன்றை வைத்துக் காட்டினாள். அதில் எழுத்து ஒரே கறுப்பாக, கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது.

"அசல்ல எழுத்துக்குன்னு தனியாக் கறுப்பு பிளேட், அதாவது அச்சுத் தகடு, இருக்கும். இவன் கார்டைப் படம் புடிச்சு அப்படியே அடிச்சிருக்கான். அதனால எழுத்தும் படமாயிடுச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டாள். நான் சொன்னதில் பாதியைத்தான் அவள் நம்பினாள்.

மகளுக்கு விஷயம் தெரிந்து, "அம்மா வேலைக்குப் போறதே அப்பா ஏமாறுறதுக்குத்தான்" என்றாள். அவள் வெளியூரில் வங்கியில் இருக்கிறாள். கள்ள நோட்டுப் பார்க்கும் நீல விளக்கு ஒன்றை அடுத்த வாரமே அம்மாவுக்கு வாங்கி அனுப்பினாள். புதுக் காகிதம் அந்த வெளிச்சத்தில் பளபளவென்று மின்னும். அந்தக் காலத்து அட்டை மின்னாமல் மந்தமாகக் கிடக்கும்.

அடுத்த ஏலத்துக்கு மனைவியையே பக்கத்தில் உட்காரவைத்தேன். இரண்டு பேர் ஒரே கார்டை விற்றார்கள். ஒன்றில் மஞ்சள் நிறம் தள்ளிப்போய், வீரரின் காதுக்குப் பக்கத்தில் இன்னொரு மஞ்சள் காது முளைத்திருந்தது. இன்னொன்று கண்ணாடி மாதிரி சுத்தம். "இதை எடுங்க. அது ரிஜெக்ட்" என்றாள். சுத்தமானதை எடுத்தேன். வந்ததும் லென்ஸை வைத்தாள். எழுத்தில் புள்ளிகள்.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் இந்த யானை சறுக்கியது தன் பலத்தால். அத்தனை வருடமாக நிறம் தள்ளியதை எடுத்துக் கீழே போட்ட கை, சுத்தமாக அடித்ததைத்தான் நல்லது என்று எடுக்கும். பபிள்கம் விற்றவன் அச்சுக்கா செலவு செய்திருப்பான்? எங்கே மலிவோ அங்கே அடித்திருக்கிறான். அசல்தான் அசிங்கமாக இருந்தது.

அவள் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, என் பதினேழு கார்டுகளையும் ஜன்னல் கட்டையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இவை என் கையால் பாக்கெட் பிரித்து எடுத்தவை. இவற்றில் பொய் இருக்க வழியில்லை. மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"எல்லாத்துலயும் மஞ்சள் தள்ளியிருக்கு. எல்லாத்துலயும் ஒரே அளவு, அரை மில்லிமீட்டர். மெஷின்ல தள்ளினா ஒவ்வொரு தாளுக்கும் ஒவ்வொரு மாதிரி தள்ளும். இது பிளேட் போடும்போதே நடந்த தப்பு. அவங்க அடிச்ச அத்தனை தாள்லயும் இது இருக்கும்."

"அப்ப இந்தத் தப்பு இருந்தாத்தான் அசல்?"

"ஆமா. ஆனா சிலதுல இடப்பக்கம் தள்ளியிருக்கு, சிலதுல வலப்பக்கம். ரெண்டு தடவை பிளேட் போட்டு ஓட்டியிருப்பாங்க போல."

போல என்றாள். அந்தப் 'போல' ஐந்து வருடம் கழித்து எங்களை வந்து கடிக்கும் என்று அப்போது தெரியாது.

அரை மில்லிமீட்டர் மஞ்சள் விஷயத்தை நான்தான் குழுவில் பெருமையாகப் போட்டேன். ஒரே வாரத்தில் பாதிப் பேர் தங்கள் கார்டுகளைப் படமெடுத்து அனுப்பிக் குவித்துவிட்டார்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் எழுதினாள். அச்சகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதிய பதில்கள் அவை. பின்பக்கம் எங்கே என்பாள். ஓரத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்பாள். கேட்ட படத்தைத் தராதவனிடம் வாங்காதீர்கள், அவன் உலக உத்தமனாக இருந்தாலும் சரி என்பாள். கண்ணாடி உறையில் போட்டுச் சான்றிதழ் எண் ஒட்டி வந்த கார்டுக்கும் மயங்கமாட்டாள். அந்த எண்ணைக் கொடுத்த நிறுவனத்தின் பக்கத்தில் போய் அதே கார்டின் படம்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்வாள். ஒரு தடவை அங்கே வேறொரு வீரர் இருந்தார். யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ஒரு முறை ஒருவர் நன்றிக்குப் புடவை அனுப்பினார். அதன் பெட்டியில் அச்சு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். உண்மைக் காரணம் அது இல்லை என்று அவருக்கும் தெரியும்.

இப்போது முப்பத்தொன்றுக்கு வருகிறேன். அது ஒரு கோல்கீப்பரின் கார்டு. எதனாலோ மிகக் குறைவாகத்தான் வெளியே வந்தது. என் ஆல்பத்தில் நாற்பத்தேழு இடமும் நிரம்பியபிறகு அது ஒன்று மட்டும் காலியாகக் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு ஏலத்தில் வந்தது. மனைவி கேட்ட எல்லாப் படங்களையும் விற்றவர் கொடுத்தார். எழுத்து கறுப்பு. மஞ்சள் அரை மில்லிமீட்டர் தள்ளல், இடப்பக்கம். கைக்கு வந்தபிறகு நீல விளக்கிலும் அட்டை மந்தமாகவே கிடந்தது. "சரி" என்றாள். என் ஒரு மாதச் சம்பளம் போனது. அந்தக் கார்டை ஆல்பத்தில் நுழைக்குமுன் நான் மூன்று தடவை கை கழுவியதை அவள் இன்றும் நடித்துக் காட்டுவாள்.

எங்கள் முப்பத்தொன்றைப் பெரிதாகப் படமெடுத்து, குழுவின் தலையில் நிரந்தரமாக ஒட்டி வைத்தார்கள். இனி யார் முப்பத்தொன்று வாங்கினாலும் லென்ஸ் அக்கா வீட்டுக் கார்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எடைக்கல்லே எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று நான் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அதோடு ஒப்பிட்டு மூன்று பேர் வாங்கினார்கள். ஒருவர் பேக்கரி வைத்திருப்பவர். அவர் தன் முப்பத்தொன்றைச் சட்டம் போட்டு, கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார். ரொட்டி வாங்க வருகிறவன் கால்பந்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சச் சில்லறை கைக்கு வர அரைமணி நேரம் ஆகும்.

போன வருடம் குழுவில் இருக்கும் பல் டாக்டர் ஒருவர் ஒரு முப்பத்தொன்று வாங்கினார். அதில் மஞ்சள் வலப்பக்கம் தள்ளியிருந்தது. "இது ரெண்டாவது தடவை ஓட்டினதா இருக்கலாம், நேர்ல பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்று மனைவி எழுதியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஜன்னல் கட்டையில் இரண்டு முப்பத்தொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எழுத்து, அட்டை, அளவு, எல்லாம் இரண்டிலும் சரி. "நல்ல கார்டு டாக்டர்" என்றாள். அவர் டீ குடித்துவிட்டு, என் கடைவாய்ப் பல்லைப் பற்றி ஒரு கெட்ட செய்தியையும் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார்.

அவர் போனபிறகும் அவள் ஜன்னலை விட்டு வரவில்லை.

"என்ன?"

"ரெண்டு தடவை ஓட்டியிருந்தா, எல்லா நம்பரும் ரெண்டு மாதிரியும் கிடைக்கணும்ல. அஞ்சாம் நம்பர்ல இடப்பக்கம் தள்ளினதும் இருக்கணும், வலப்பக்கம் தள்ளினதும் இருக்கணும்."

"இருக்கும்."

"நான் பாத்ததா ஞாபகம் இல்லையே."

அடுத்த மூன்று நாள் சாப்பாட்டு நேரமெல்லாம் குழுவில் ஐந்து வருடமாகக் குவிந்த படங்களைத் தோண்டினாள். ஒரு நோட்டில் நம்பர், அதற்கு நேரே இடம் அல்லது வலம். புதன்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, நோட்டோடு வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது. ஊரிலிருக்கும் அவள் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

"ஒண்ணுல இருந்து இருபத்து நாலு வரைக்கும் அத்தனையும் இடம். இருபத்தஞ்சுல இருந்து நாப்பத்தெட்டு வரைக்கும், முப்பத்தொண்ணைத் தவிர, அத்தனையும் வலம். முன்னூத்திப் பதினாலு படம் பாத்தேன்."

"அதனால?"

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். மேல் பாதியில் வரிசையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு ஆள் தலை வரைந்தாள். கீழ்ப் பாதியில் அதே ஆட்களைத் தலைகீழாக வரைந்தாள். பிறகு மஞ்சள் பென்சிலால், எல்லாத் தலைக்கும் இடப்பக்கம் ஒரு கோடு இழுத்தாள்.

"இப்பத் தாளைத் திருப்புங்க."

திருப்பினேன். தலைகீழாக இருந்தவர்கள் நேரானார்கள். அவர்களுடைய மஞ்சள் கோடு வலப்பக்கம் வந்துவிட்டது.

"ரெண்டு தடவையெல்லாம் ஓட்டல. ஒரே பிளேட், ஒரே தாள். மேல இருபத்து நாலு கார்டு நேரா, கீழ இருபத்து நாலு தலைகீழா. நாங்க தினமும் மாத்திரை டப்பாவ இப்படித்தான் எதிரும் புதிருமா வைக்கிறோம். தினமும் பாக்குறேன். அஞ்சு வருஷமா எனக்குத் தோணல." நாற்காலியில் உட்கார்ந்தாள். "முப்பத்தொண்ணு கீழ்ப் பாதி. வலப்பக்கம்தான் தள்ளணும். டாக்டரோடது அசல். நம்மளோடது போலி."

நான் ஆல்பத்தைத் திறந்து எங்கள் முப்பத்தொன்றை வெளியே எடுத்தேன்.

"எழுத்து கறுப்பா இருக்கே. அட்டை மின்னலையே."

"தொழில் தெரிஞ்சவன் செஞ்சிருக்கான். பழைய அட்டை தேடிப் புடிச்சு, எழுத்துக்குத் தனி பிளேட் போட்டு, மஞ்சளைக்கூடக் கணக்கா அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கான். முப்பத்தொண்ணை எங்கயோ படத்துல மட்டும்தான் பாத்திருப்பான். அவன் கையில மேல் பாதிக் கார்டுதான் இருந்திருக்கு. அதப் பாத்து இடப்பக்கம் தள்ளிட்டான்." சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் மரியாதை இருந்தது. எனக்கு அதுவேறு எரிச்சல். "நம்மளத வச்சுப் பாத்து மூணு பேர் வாங்கினாங்க. அந்த மூணும் இடம்தான்."

இந்த இடத்தில் நான் பேசியதை மறைத்துவிடலாம். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனே நான்தான்.

"நமக்கு மட்டும்தான தெரியும்" என்றேன். "அவங்க சந்தோஷமா இருக்காங்க. சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்கணுமா? இன்னைக்கு இதச் சொன்னா நாளைக்கு உன் பேச்சை எவன் கேப்பான்? அஞ்சு வருஷமா சேத்த பேரு இது. ஒரு காசு வாங்காம சேத்தது."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எங்க பிரஸ்ல ஒரு தடவை அம்பது மில்லிகிராம்னு போட வேண்டிய டப்பால ஐந்நூறுன்னு போயிடுச்சு. லாரி கிளம்பின அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. பாஸ் பண்ணினது நான்தான். மேனேஜர்கிட்டப் போயி சொன்னேன். போன் மேல போன் போட்டு ஒவ்வொரு டப்பாவையும் திரும்ப வாங்கினோம். அன்னைக்கு நான் பேரைப் பாத்திருந்தா?"

"அது மருந்து. இது பபிள்கம் கார்டு."

"பாஸ் பண்ணினது ரெண்டையும் நான்தான்."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் குழுவில் எழுதினாள். அந்தத் தாளின் படத்தையும் போட்டாள். நான் எட்டாவது மாடியில் ஒரு லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்து படித்தேன்.

"நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டு 31 போலி. அசல் என்று சொன்னது நான். மஞ்சள் இரண்டு பக்கமும் தள்ளியிருப்பதைப் பார்த்து, இரண்டு முறை அச்சடித்தார்கள் என்று நானாக முடிவு செய்தேன். சரிபார்க்கவில்லை. அதோடு ஒப்பிட்டு வாங்கிய மூன்று பேருடையதும் போலி. தவறு முழுக்க என்னுடையது, விற்றவர்களுக்கு அடுத்தபடியாக. அந்த மூன்று பேரும் என்ன சொல்கிறார்கள் என்று தெரியும்வரை நான் யாருடைய கார்டையும் பார்த்துச் சொல்லமாட்டேன். மேலே ஒட்டியிருக்கும் படத்தை எடுத்துவிடுங்கள்."

நாற்பது நிமிடம் கழித்துப் பதில்கள் கொட்ட ஆரம்பித்தன. அக்கா பெரிய மனசு என்றார்கள் சிலர். இனி யாரைத்தான் நம்புவது என்றார்கள் சிலர். லென்ஸுக்கே கண்ணாடி மாட்டணும் போல என்று ஒருவன் எழுதினான். அவன் வாங்கவிருந்த போலிக் கார்டுகளை ஏழு தடவை கண்டுபிடித்துக் கொடுத்தவள் இவள். அவனுக்கு நான் எழுதிய பதிலை அனுப்புமுன் அழித்துவிட்டேன், லிஃப்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு கோபப்படுவது ஆபத்து.

மூன்று பேரில் இருவர் மறுநாளே போன் செய்து, பரவாயில்லை அக்கா என்றார்கள். பேக்கரிக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழுவை விட்டு வெளியேறிவிட்டார். போன் செய்தால் எடுக்கவில்லை. மனைவி லென்ஸைப் பையிலிருந்து எடுத்து அச்சக மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள். குழுவிலிருந்து தனியாக ஆட்கள் அவளிடம் கேட்டார்கள். அந்த மூன்றாவது ஆள் இன்னும் பேசவில்லை என்று எல்லோருக்கும் ஒரே பதில் போட்டாள். அவர் பேசாமலே போய்விட்டால் இவள் திரும்ப ஒரு கார்டைத் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐந்து வருடமாக அவள் சாப்பாட்டை ஆறவிட்டுச் செய்த வேலை, ஒரு பேக்கரிக்காரரின் வாயில் தொங்கிக்கொண்டு நின்றது.

பதினோரு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். கையில் சட்டம். கல்லாவுக்கு மேலே இருந்ததை ஆணியோடு கழற்றி வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைக்கக்கூட இல்லை. சட்டத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றார்.

அவள் மறுபடியும் தாளில் வரைந்தாள். திருப்பிக் காட்டினாள். அவர் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குச் சாகுறவரைக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"கடையில தினமும் நாலு பேருகிட்ட காட்டுவேன். என் மருமகன்கிட்ட, மாமனார்னா இப்படி இருக்கணும்னு காட்டினேன். இப்ப அந்த இடத்துல வெறும் செவுரு. என்னாச்சுன்னு கேக்குறவங்களுக்கு என்ன சொல்றது?"

"நான் தப்பா பாஸ் பண்ணிட்டேன்னு சொல்லுங்கண்ணே. நீங்க ஏமாந்ததா சொல்லாதீங்க. நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க, ஒப்பிட்டுப் பாத்தீங்க. ஒப்பிட்ட பொருள்தான் தப்பு."

நான் டீ போடுகிற சாக்கில் எழுந்திருக்க நினைத்தேன். அதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, அவள் முன்னால் நீட்டினார்.

"இது இன்னும் இருபது நிமிஷத்துல முடியுது. பாருங்க."

ஏலத்தில் ஒரு முப்பத்தொன்று. மஞ்சள் வலப்பக்கம். பின்பக்கம், ஓரம், சாய்ந்த வெளிச்சம், எழுத்தின் நெருக்கப் படம், எல்லாவற்றையும் விற்பவரிடம் அவரே கேட்டு வாங்கி வைத்திருந்தார். மனைவி படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். கை லென்ஸைத் தேடியது, அது இல்லாததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"படத்துல பாத்து இதுக்கு மேல சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்ல கார்டு. ஆனா எனக்குத் தெரிஞ்சதுலதான் அஞ்சு வருஷம் தப்பு இருந்துச்சு. அத மறந்துடாதீங்க."

"குழுவுல முன்னூறு பேர் இருக்காங்க" என்றார் பேக்கரிக்காரர். "இந்தப் பதினோரு நாள்ல ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்தேன். தன்னோட கார்டு போலின்னு தானே வந்து சொல்றவங்க வேற யாரு இருக்காங்கன்னு. நான் உட்பட ஒருத்தரும் தேறல. அதான் உங்ககிட்டக் காட்ட வந்தேன்."

என் மனைவி முந்தானையால் போன் கண்ணாடியைத் துடைத்தாள். அதில் ஒரு தூசியும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட இவள் என் மனைவி என்று நான் இவ்வளவு கர்வப்பட்டதில்லை.

அப்போதுதான் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்கென்று எனக்குப் புரிந்தது. என் ஆல்பத்திலும் அந்த இடம் காலி. இரண்டு வருடத்தில் ஏலத்துக்கு வந்த நல்ல முப்பத்தொன்று டாக்டருடையதைத் தவிர இது ஒன்றுதான். என் போனும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நானும் விலை கேட்டால் அவள் தடுக்கமாட்டாள், பேக்கரிக்காரரும் தப்பாக நினைக்கமாட்டார்.

"நீங்க போடுங்கண்ணே" என்றேன். "நான் டீ போடுறேன்."

மூன்றாவது டம்ளரை நான் கொண்டுவந்து வைத்தபோது கார்டு அவருடையதாகியிருந்தது. சட்டத்திலிருந்து போலியை எடுத்து மேஜையிலேயே விட்டுவிட்டு, காலிச் சட்டத்தை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மறுநாள் மனைவி லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். என் ஆல்பத்தில் முப்பத்தொன்றாம் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் பக்கம் புரட்டி அங்கே விரல் வைத்து, இது ஏன் இல்லை என்று கேட்டால் போதும், உட்காரவைத்து முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் விடுவேன்.